இனத்தைத் தேர்ந்தெடுக்கவும்

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் போன வருடம் அம்மாவின் வீட்டை விற்கக் கிளம்பினார். சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். அம்மா மகள் வீட்டோடு போய்விட்டதால் ஏழாவது மாடியிலிருந்த பழைய வீவக வீடு காலியாகக் கிடந்தது. விற்கப் போகிறேன் என்று அவர் சொன்னபோது அதில் எழுதுவதற்கு ஒன்றும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஊரில் யார்தான் வீடு விற்கவில்லை?

மூன்று மாதம் கழித்து ஒரு மதிய இடைவேளையில் மடிக்கணினியைத் திருப்பி ஒரு இணையப் பக்கத்தைக் காட்டினார். புளோக் எண், தெருப் பெயர், வாங்குபவரின் இனம், குடியுரிமை. இவ்வளவுதான் கேள்வி. இனத்துக்கு ஒரு பட்டியல் விரிந்தது: சீனர், மலாய்க்காரர், இந்தியர் மற்றும் பிறர். அவர் சீனர் என்பதைத் தேர்ந்தெடுத்து அழுத்தினார். அந்த புளோக்கில் சீனர்களுக்கான வரம்பு நிறைந்துவிட்டது, விற்பவரும் சீனராக இருந்தால்தான் சீனர் வாங்க முடியும் என்று பதில் வந்தது.

"வீடு பிடிச்சிருக்குன்னு மூணு சீனக் குடும்பம் சொல்லிட்டாங்க ப்ரோ. ஒருத்தர் நான் கேட்ட விலைக்கே வந்துட்டார். ஆனா என்னால விக்க முடியாது. பக்கத்து வீட்டு அங்கிள் சீனர். அதே மாடி, அதே அளவு வீடு. அவர் விக்கலாம்."

நான் பத்து வருடத்துக்கு மேலாக மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். எனக்கு முதலில் புரிந்தது அவருடைய கஷ்டம் அல்ல, அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருக்கும் தர்க்கம்தான். விற்பவர் இனமும் வாங்குபவர் இனமும் ஒன்றா? விட்டுவிடு. இல்லையா? வாங்குபவர் இனத்தின் விகிதத்தைப் பார். வரம்பைத் தொட்டிருந்தால் நிறுத்து. நாலு வரி கோட். என்னைக் கேட்டிருந்தால் நானே அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுத்திருப்பேன். அந்த நினைப்புதான் என்னைக் கொஞ்சம் உறுத்தியது. ஒரு கட்டடம் எப்போதிலிருந்து நம்மைப் பார்த்து 'நீ யார்?' என்று கேட்க ஆரம்பித்தது?

*

வீவக என்றால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம். இன்று சிங்கப்பூரில் குடியிருப்பவர்களில் ஏறக்குறைய 80 சதவீதம் பேர் அது கட்டிய அடுக்குமாடி வீடுகளில்தான் வாழ்கிறார்கள். அதில் பெரும்பாலோர் வாடகைக்கு இல்லை, 99 வருடக் குத்தகையில் சொந்தமாக வாங்கியவர்கள். ஒரு நாட்டின் மக்களில் ஐந்தில் நான்கு பேருக்கு ஒரே நிறுவனம் வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறது. படுக்கையறை எத்தனை அடி, சமையலறை எங்கே, குப்பையை எந்தத் துவாரத்தில் போட வேண்டும், துணியை எந்தப் பக்கம் காயப்போட வேண்டும் எல்லாம் அதில் அடக்கம்.

அதற்கு முன்னால் கம்பம் இருந்தது. நான் தேனிப் பக்கத்துக்காரன். எனக்குக் கம்பம் என்றால் திராட்சைத் தோட்டமும் பேருந்து நிலையமும். இங்கே வந்த புதிதில், 'நாங்கள்லாம் கம்பத்துல வளர்ந்தவங்க' என்று நண்பரின் அம்மா சொன்னபோது, 'அம்மா, நம்ம பக்கமா?' என்று கேட்டு அசடு வழிந்திருக்கிறேன். மலாய் மொழியில் கம்போங் என்றால் கிராமம். சிங்கப்பூர், மலேசியத் தமிழர் வாயில் அது கம்பம் ஆகிவிட்டது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலை அல்லது தகரக் கூரை, பொதுக் குழாய், கோழி, வாழைமரம். அரசாங்கத்தின் பார்வையில் அவற்றில் பல அனுமதியில்லாத ஆக்கிரமிப்புகள். அங்கே இருந்தவர்களுக்கு அது வீடு.

வெள்ளைக்காரன் காலத்தில் 1927-இல் தொடங்கிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறக்கட்டளை முப்பது வருடத்துக்கு மேல் இயங்கியும் ஏறக்குறைய 23,000 வீடுகள்தான் கட்டியிருந்தது. 1960 பிப்ரவரி 1 அன்று அதன் இடத்தில் வீவக வந்தது. முதல் தலைவர் லிம் கிம் சான் என்ற தொழிலதிபர். முதல் ஐந்து வருடத்தில் 50,000-க்கும் மேல் வீடுகள் எழுந்தன.

அந்த வேகத்துக்கு ஒரு தீ விபத்தும் காரணம். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. புக்கிட் ஹோ சுவீ என்ற பெரிய கம்பத்தில் தீப்பிடித்தது. இறந்தவர்கள் 4 பேர். வீடிழந்தவர்கள் ஏறக்குறைய 16,000 பேர். எரிந்த நிலத்தை அரசு கையகப்படுத்தியது, அங்கேயே அடுக்குமாடிகள் முளைத்தன. இந்தத் தீயைப் பற்றி லோ கா செங் என்ற வரலாற்றாய்வாளர் 2013-இல் ஒரு புத்தகம் எழுதினார். அதன் பெயர் 'ஸ்குவாட்டர்ஸ் இன்டூ சிட்டிசன்ஸ்'. ஆக்கிரமித்துக் குடியிருந்தவர்கள் குடிமக்கள் ஆன கதை. எரிந்தது கூரை மட்டுமில்லை. அரசாங்கத்தின் கணக்கில் வராமல், தன் வீட்டைத் தானே கட்டி, வேண்டும்போது ஒரு அறையைக் கூட்டிக்கொள்ளும் ஒரு வகை மனிதனும் அதோடு போனான். அவன் இடத்தில் கதவு எண்ணும் மின்சார மீட்டரும் மாதாமாதம் கட்ட வேண்டிய பில்லும் உள்ள இன்னொருவன் வந்தான்.

*

இந்த இன்னொருவன் ஒரே நாளில் வரவில்லை. லீ குவான் யூ தன் நினைவுக் குறிப்புகளில் ஆரம்ப காலத்தைப் பற்றிச் சில காட்சிகளை எழுதியிருக்கிறார். பன்றி வளர்த்தவர்கள் அவற்றைப் பிரிய மனமில்லாமல் மாடிப்படியில் ஏற்றிக் கூட்டிப்போனது, ஒரு பெரிய குடும்பம் கோழிகளையும் வாத்துகளையும் சமையலறையில் வைத்து வளர்த்தது, மின்விளக்கு இருந்தும் மண்ணெண்ணெய் விளக்கை விடாதது, லிஃப்ட்டுக்குப் பயந்து பலர் படியேறியே போனது. அவர் அதைப் பழகாத மக்களின் வெகுளித்தனமாகச் சொல்கிறார். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. ஒரு உடம்பிலிருந்து ஒரு ஊரை எடுக்க எவ்வளவு நாளாகும் என்பதற்கான கணக்கு அது.

நண்பரின் அம்மா அந்த வீட்டுக்கு 1970-களில் பத்து வயதுப் பெண்ணாக வந்தவர். அவர் சொன்னது:

"எங்க அப்பாயி லிஃப்ட்டுல ஏறவே மாட்டாங்க தம்பி. அது அப்ப எல்லா மாடியிலும் நிக்காது. அஞ்சுல நிக்கும், அப்புறம் ஒன்பதுல. நாங்க அஞ்சுல எறங்கி ரெண்டு மாடி ஏறணும். அப்பாயி கீழேருந்தே நடப்பாங்க. மேல வந்து வராந்தாவுல உக்காந்துக்கிட்டு, 'காலு மண்ணுல பட்டு எத்தன நாளாச்சு'ம்பாங்க. ஒரு சேவல் மட்டும் கொண்டாந்தோம். விடியக்காலம் அது கூவும், எதிர் புளோக்குல லைட்டு எரியும். ஒரு வாரம்தான். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி வந்து கையைக் காட்டிச் சிரிச்சாங்க. அன்னிக்கே அடிச்சுக் கொழம்பு வச்சுட்டோம். அவங்களுக்கும் ஒரு கிண்ணம் குடுத்தோம்."

சேவலைவிடப் பெரிய மாற்றம் பில்லில் இருந்தது. கம்பத்தில் வேலை இல்லாத மாதத்தைக் கோழியும் கீரையும் கடனும் வைத்துத் தள்ளிவிடலாம். அடுக்குமாடியில் அது நடக்காது. தண்ணீருக்கு, மின்சாரத்துக்கு, வீட்டுக்கு மாதாமாதம் பணம் வேண்டும். அப்படியென்றால் மாதச் சம்பளம் வேண்டும். குடியிருப்புப் பேட்டைகளுக்குப் பக்கத்திலேயே ஆலைகளும் திட்டமிடப்பட்டன. பெண்கள் மின்னணுப் பொருள் ஆலைகளுக்கு நடந்தே போய் வந்தார்கள். 1964-இல் வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம் வந்தது. 1968-இல் மத்திய சேமநிதிப் பணத்தை எடுத்து வீடு வாங்கலாம் என்றானது. சம்பளத்தில் பிடித்தம், பிடித்தத்தில் வீடு, வீட்டுக்காக வேலை. இடையில் 1967-இல் கட்டாய ராணுவச் சேவை. சொந்தமாக ஒரு வீடு இருந்தால்தான் அந்த வீட்டின் பிள்ளை நாட்டுக்காகத் துப்பாக்கி பிடிப்பான் என்று லீ வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்.

குடும்பத்தையும் அந்த வரைபடம் வளைத்தது. வீவக வீடு வாங்கக் குடும்பமாக இருக்க வேண்டும். தனியாள் வாங்கலாம் என்ற வழி 1991-இல்தான் திறந்தது, அதுவும் 35 வயதுக்கு மேல். அதனால்தான் இங்கே காதலைச் சொல்லும் வாக்கியமே வேறு. 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?' என்று முழங்காலிடுவதற்கு முன்னால், 'சேர்ந்து வீட்டுக்கு அப்ளை பண்ணலாமா?' என்று கேட்டுவிடுவார்கள். சிரிப்பாகச் சொல்வதுதான், ஆனால் என் அலுவலகத்தில் இரண்டு ஜோடி அப்படித்தான் முடிவானது.

லிஃப்ட்டையும் சொல்ல வேண்டும். சிலர் அதற்குள் சிறுநீர் கழித்தார்கள். 1980-களில் அதைக் கண்டுபிடிக்கும் கருவியை லிஃப்ட்டுக்குள் பொருத்தினார்கள். சிறுநீர் பட்டால் கருவி உணரும், லிஃப்ட் நின்றுவிடும், ஆள் வந்து திறக்கும்வரை உள்ளேயே நிற்க வேண்டும். அறிவுரை, அபராதம், செய்தித்தாளில் படம் எல்லாவற்றையும்விட அந்த நின்றுபோன பெட்டி சீக்கிரம் பாடம் நடத்தியது. மென்பொருள்காரர்களுக்கு இது பழக்கமான விஷயம். மனிதனைத் திருத்துவது கஷ்டம், தவறு செய்ய முடியாதபடி சிஸ்டத்தை மாற்றுவது சுலபம் என்று எங்கள் கூட்டங்களில் வாரம் ஒருமுறையாவது யாராவது சொல்வார்கள்.

எங்கள் துறையில் கான்வே விதி என்று ஒன்று உண்டு. 1968-இல் மெல்வின் கான்வே எழுதியது. ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ, அந்த அமைப்பு அது உருவாக்கும் மென்பொருளிலும் அப்படியே பதிந்துவிடும் என்பது அதன் சாரம். சிங்கப்பூர் அதைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்த இடம். முதலில் கட்டடத்தை அமை. யார் யாரோடு பேசுவார்கள் என்பது அதிலிருந்து வரும்.

*

யார் யாரோடு பேச வேண்டும் என்பதில் அரசுக்கு ஏன் அவ்வளவு அக்கறை?

1964 ஜூலை 21, நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தில் மலாய்க்காரர்களுக்கும் சீனர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. 23 பேர் செத்தார்கள். செப்டம்பரில் இன்னொரு கலவரம், 13 பேர். அடுத்த வருடம் ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடானபோது அந்த ரத்தம் காயவில்லை. கம்பங்களில் பல, இனவாரியாகவோ ஊர்வாரியாகவோ திரண்டவை. புக்கிட் ஹோ சுவீயில் பெரும்பாலும் ஹொக்கியன் பேசும் சீனர்கள். கேலாங் சிராய் மலாய்க்காரர்களின் இடம். அவற்றைக் கலைத்து எல்லாரையும் ஒரே புளோக்கில் வரிசைப்படி குடியேற்றினால் அடுத்த கலவரத்துக்கு ஆள் திரட்ட முடியாது. நண்பரின் அம்மா வீட்டுக்கு ஒரு பக்கம் சீனர், மறுபக்கம் மலாய்க்காரர் வந்தது இப்படித்தான். அப்போது ஒதுக்கீடு என்று எதுவும் இல்லை. வரிசையும் குலுக்கலும்தான்.

ஆனால் வீட்டை மறுவிற்பனை செய்யலாம் என்றானதும் மனிதர்கள் தங்களுக்குப் பிடித்தபடி நகர ஆரம்பித்தார்கள். 1980-களின் இறுதியில் பிடோக், தெம்பனிஸ் பக்கம் மலாய்க்காரர்களும் ஹவ்காங் பக்கம் சீனர்களும் கூடுதலாகச் சேர்ந்திருந்தார்கள். அம்மாவுக்குப் பக்கத்தில் பிள்ளை, மசூதிக்குப் பக்கத்தில் தொழுகிறவர். யாரும் சதி செய்யவில்லை. கம்பம் மெதுவாகத் திரும்பி வந்தது, அவ்வளவுதான்.

1989-இல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை வந்தது. ஒவ்வொரு புளோக்கிலும் ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு இனத்துக்கும் உச்சவரம்பு. சீனர்களுக்குப் பேட்டையில் 84 சதவீதம், புளோக்கில் 87. மலாய்க்காரர்களுக்கு 22, 25. இந்தியருக்கும் பிறருக்கும் முதலில் 10, 13. குடியேறிய இந்தியர் எண்ணிக்கை கூடியபின் 2010-இல் அது 12, 15 ஆனது. அதைக் கொண்டுவந்த தேசிய வளர்ச்சி அமைச்சர் எஸ். தனபாலன், ஒரு தமிழர். நண்பர் இதைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சிரித்தார்.

விமர்சனங்களும் பழையவைதான். எந்த இடத்திலும் சிறுபான்மையினர் பெரும்பான்மை ஆக முடியாது. ஆகவே எந்தத் தொகுதியிலும் அவர்கள் வாக்கு மட்டும் ஒருவரை ஜெயிக்க வைக்காது. அதற்கு முன்பே 1988-இல் குழுத்தொகுதி முறை வந்திருந்தது, ஒவ்வொரு குழுவிலும் ஒரு சிறுபான்மையினர் கட்டாயம். இன்னொரு விமர்சனம் நண்பரின் மடிக்கணினியில் இருந்தது. சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் சிறுபான்மையினர் தன் வீட்டைச் சந்தையின் பெரும்பகுதிக்கு விற்கவே முடியாது. வாங்குகிறவர்கள் குறைந்தால் விலை குறையும். இதை அரசும் ஒப்புக்கொண்டு, 2022 முதல் ரொம்பச் சிரமப்படுகிறவர்களின் வீட்டை வீவகவே திரும்ப வாங்கிக்கொள்ள ஒரு வழி செய்தது. தகுதியுள்ளவர்களுக்கு மட்டும்.

*

எனக்கு இதில் இன்னொன்று உறுத்துகிறது. கலப்பதற்காக எண்ண வேண்டியிருக்கிறது. எண்ணுவதற்காகப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

டேட்டாபேஸில் ஒரு தகவலுக்கு ஃபீல்டு ஒதுக்கி, அதைக் காலியாக விடக்கூடாது என்று விதி போட்டுவிட்டால், அந்தக் கேள்வி சாகாது. எந்தப் படிவமும் அதைக் கேட்கும். அடையாள அட்டையில் இனம் இருக்கிறது. பள்ளியில் என்ன தாய்மொழி படிக்கலாம் என்பது பெரும்பாலும் அதிலிருந்து வருகிறது. வீடும் அதைக் கேட்கிறது. அந்த ஃபீல்டுக்குள் போக மனிதர்களும் கொஞ்சம் மடங்க வேண்டியிருந்தது. கம்பத்தில் ஒருவர் ஹொக்கியன், இன்னொருவர் தியோசூ, மற்றவர் கண்டோனீஸ். ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியாது. 1979-இல் எல்லாரையும் மாண்டரின் பேசச் சொல்லும் இயக்கம் தொடங்கியது. இன்று பேரனுக்குப் பாட்டியின் ஹொக்கியன் புரியாத வீடுகள் ஏராளம். பட்டியலில் அவர்கள் 'சீனர்'. அதேபோல் தமிழரும் மலையாளியும் பஞ்சாபியும் சிந்தியும் 'இந்தியர்'. சொல்லப்போனால் அதுகூட இல்லை, 'இந்தியர் மற்றும் பிறர்'.

அப்பா இந்தியர், அம்மா சீனர் என்றால்? 2011 முதல் பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்துப் பதியலாம், 'இந்தியர்-சீனர்' என்று. நல்ல விஷயம். ஆனால் வீட்டு ஒதுக்கீட்டுக்கு எந்த இனம் கணக்கில் வரும்? கோட்டுக்கு முன்னால் இருப்பது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இரண்டு மதிப்புள்ள ஃபீல்டில் முதலாவதை மட்டும் எடுத்து வேலையை முடிக்கிற கோட்டை நானும் எழுதியிருக்கிறேன்.

தமிழுக்கு என்ன ஆனது என்பதும் இந்தக் கட்டடத்தோடு சேர்ந்த கேள்விதான். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழி. பள்ளியில் இருக்கிறது, தொலைக்காட்சியில் இருக்கிறது, ரயில் நிலையப் பலகையில் இருக்கிறது. அரசு ஆதரவு இவ்வளவு கிடைக்கிற இடம் வெளிநாட்டில் அபூர்வம். ஆனால் பிள்ளைகள் விளையாட இறங்கினால் புளோக்கில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை இருப்பது தற்செயல். சிராங்கூன் ரோடு ஞாயிற்றுக்கிழமைக்கான தெரு, தினசரித் தெரு இல்லை. ஆங்கிலம் பள்ளி மொழியானதும் வேலை மொழியானதும்தான் பெரிய காரணம், ஒதுக்கீட்டின் தலையில் எல்லாவற்றையும் கட்ட மாட்டேன். இருந்தாலும் மொழிக்குப் பாடப்புத்தகம் போதாது, படிக்கட்டில் திட்டிக்கொள்ளவும் ஆள் வேண்டும். நண்பர் என்னோடு தமிழில்தான் பேசுவார். மகளோடு பேசும்போது அவரை அறியாமலே மாறிவிடும்.

*

இவ்வளவு சொன்னபிறகு ஒதுக்கீடு தப்பு என்று முடித்துவிடலாம். என்னால் முடியவில்லை. நான் எங்கிருந்து வந்தேன் என்பதுதான் காரணம்.

எங்கள் ஊரில் தெருப் பெயரைச் சொன்னால் போதும், வேறு எதுவும் கேட்க மாட்டார்கள். ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம். நடுவில் ஒரு ஓடை. பேருந்து ஊரில் நிற்கும், காலனிக்காரர்கள் அங்கிருந்து நடப்பார்கள். என் அம்மா வழித் தாத்தா காலனி வீட்டுக்குள் போனதே கிடையாது. அங்கே யாரும் கலவரம் செய்யவில்லை, தேவைப்படவில்லை. ஓடையே போதுமாக இருந்தது. அதை வரைந்தது எந்தக் கழகமும் இல்லை, ஆனால் அதுவும் ஒரு வரைபடம்தான். சிங்கப்பூர் வரைபடத்தைவிட ரொம்பக் கறாரானது, மேல்முறையீடே கிடையாது.

தமிழ்நாட்டிலும் ஒதுக்கீட்டால் அதை உடைத்துப் பார்த்தார்கள். சமத்துவபுரம். 1998-இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவது திறக்கப்பட்டது. 100 வீடுகள், அதில் 40 தலித்துகளுக்கு, மீதி மற்ற சாதியினருக்கு. ஒரே அளவு வீடு, அடுத்தடுத்து. சிங்கப்பூர் செய்தது போலவே, பக்கத்து வீட்டுக்காரரைச் சட்டம் போட்டுத் தருவது. ஆனால் ஊரை விட்டுத் தள்ளிப் புதிதாகக் கட்டினார்கள். பழைய ஊர் ஓடையோடு அப்படியே இருந்தது. சிங்கப்பூர் பழைய ஊரையே இல்லாமல் ஆக்கிவிட்டுக் கட்டியது. ஒன்றில் மாற்றம் சின்னதாக நின்றுபோனது, இன்னொன்றில் மாறாமல் இருக்க இடமே விடவில்லை. எது மேல் என்று கேட்டால், என் தாத்தாவை நினைத்துக்கொண்டால் ஒரு பதிலும் நண்பரின் அப்பாயியை நினைத்துக்கொண்டால் இன்னொரு பதிலும் வருகிறது.

ஒதுக்கீடு போகாத இடம் எது என்பதையும் இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். அறை வாடகைக்குத் தேடிய முதல் மாதம், ஒரு முகவர் போனில் என் பெயரைக் கேட்டதும், 'இந்தியரா? சமைப்பீங்களா?' என்றார். 'சமைப்பேன்' என்றேன். அறை அப்போதே போய்விட்டது என்றார். மறுநாளும் அந்த விளம்பரம் இருந்தது. புளோக்கில் எத்தனை இந்தியர் இருக்கலாம் என்று சட்டம் சொல்லலாம். ரசப்பொடி வாசனையை யார் பொறுத்துக்கொள்வார் என்பதற்குச் சட்டம் கிடையாது.

*

எனக்குக் கடைசியில் அறை கிடைத்த புளோக்கில் தரைத்தளம் முழுக்கக் காலி. தூண்கள் மட்டும் நிற்கும், வீடு கிடையாது. வாய்ட் டெக் என்பார்கள். 1970-களில் பரவலான அமைப்பு இது. ஒரு மூலையில் சதுரங்கக் கட்டம் பதித்த கல் மேசை. இன்னொரு மூலையில் ஒரு மாமாக் கடை. நம் 'மாமா'தான், தமிழ் முஸ்லிம்கள் நடத்திய கடைகளால் வந்த பெயர், இப்போது சீனப் பிள்ளைகளும் மாமா ஷாப் என்றுதான் சொல்கிறார்கள்.

வந்த முதல் சனிக்கிழமை அங்கே ஒரு மலாய்க் கல்யாணம். பந்தல், பிரியாணி, பாட்டு. செவ்வாய்க்கிழமை அதே இடத்தில் ஒரு சீனர் வீட்டுச் சாவு. வெள்ளைத் துணி, ஊதுபத்தி, ராத்திரி முழுக்க விழித்திருக்க மேசையில் வேர்க்கடலை. ஒரே தூணில் ஒரு நாள் பூமாலை, இன்னொரு நாள் துக்கச் சீலை. லிஃப்ட்டுக்குப் போகிற எல்லாரும் இரண்டையும் கடந்துதான் போக வேண்டும். நான் பிரேதத்துக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் செருப்பைக் கழற்றப்போனேன். ஒரு பெரியவர் வேண்டாம் என்று தலையாட்டி, கடலையைக் காட்டினார். எடுத்துக்கொண்டேன்.

திண்ணை மாதிரி என்று எழுதத் தோன்றுகிறது. எழுத மாட்டேன். திண்ணைக்கு உரிமையாளர் உண்டு. யார் உட்காரலாம், யார் கீழே நிற்க வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்வார். வாய்ட் டெக் எந்த வீட்டுக்கும் சொந்தமில்லை. நகர மன்றத்தில் அனுமதி வாங்கினால் யாருக்கும் உரியது. அதற்கும் விதிகள் இல்லாமல் இல்லை, 'பந்து விளையாடக் கூடாது' என்ற பலகை எல்லா இடத்திலும் உண்டு. ஆனாலும் இந்த முழு வரைபடத்தில் 'இங்கே நீ இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று வரையாமல் விட்ட இடம் அது ஒன்றுதான். இங்கே நான் பார்த்த கலப்பில் பாதி, ஒதுக்கீடு கொண்டுவந்து சேர்த்தவர்கள் ஒதுக்கீடு இல்லாத இந்த இடத்தில் நின்று பேசியதால் வந்தது.

நண்பரின் வீடு ஐந்து மாதம் கழித்து ஒரு மலாய்க் குடும்பத்துக்குப் போனது. சீனக் குடும்பம் தருவதாகச் சொன்ன விலையைவிடக் குறைவு. எவ்வளவு குறைவு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

சாவி கொடுக்கிற அன்று நானும் போயிருந்தேன். கீழே கல் மேசையில் நண்பரும் வாங்குகிற பையனும் ஆங்கிலத்தில் மீட்டர் கணக்கு, தண்ணீர் பில் எல்லாம் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் முப்பதுகளில், இருவரும் இதேபோன்ற புளோக்குகளில் வளர்ந்தவர்கள், இருவருக்கும் ஒரே உச்சரிப்பு. நண்பரின் அம்மா பையனின் பாட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். திடீரென்று மலாயில் பேச ஆரம்பித்தார், கம்பத்துச் சந்தை மலாய். பாட்டி முகம் மலர்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் ஏதோ ஒரு கம்பத்தில் வளர்ந்தவர்தான். இருவரும் சிரித்தார்கள், நடுவில் ஒருமுறை அம்மா சேவல் மாதிரிக் கழுத்தை நீட்டிக் காட்டினார்.

"என்ன பேசுறாங்க?" என்று நண்பரைக் கேட்டேன்.

"தெரியல ப்ரோ," என்றார். "எனக்கு அவ்வளவா மலாய் வராது."

அந்தப் பையனைப் பார்த்தேன். அவன் பாட்டி சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, எங்கள் இருவருக்கும் ஆங்கிலத்தில் சொன்னான். அந்த வீட்டில் காலை வெயில் சமையலறையில் விழுமாம், துணியை எட்டு மணிக்குள் காயப்போட்டுவிட வேண்டுமாம்.